இரண்டாவது அடுப்பும் நாவற்பழ ஏலும்

கல்யாணமாகி நன்னிலத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊருக்கு நான் போனபோது, எனக்கென்று தனியாக ஒரு சமையலறை கட்டி வைத்திருந்தார்கள். புதுப்பெண்ணுக்கு இவ்வளவு மரியாதையா என்று என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொல்லையில் மாட்டுக்கொட்டிலை ஒட்டி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை. உள்ளே இரட்டை அடுப்பு, ஒரு பெரிய தவலை, நாலு பாத்திரம், சுவரில் ஒரு காலண்டர். அம்மா ஊருக்குப் போன பிறகு, பால் காய்ச்சலாம் என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அத்தை ஓடிவந்து தடுத்தார்.

"அதுல சமைக்கப்புடாது. அது கவர்மெண்டு அடுப்பு."

அத்தை என்றால் என் மாமியார். கவர்மெண்டு அடுப்பு என்றால் என்ன என்று அன்று சாயங்காலம் என் கணவர் விளக்கினார். கழக ஆட்சியில் நில உச்சவரம்பை இறுக்கிப் பிடித்த நேரம் அது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தைச் சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்று சட்டம். மிராசுதார்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். சிலர் சாமி பேரில் எழுதினார்கள், சிலர் செத்துப்போன சித்தப்பா பேரில் எழுதினார்கள். மாமா, அதாவது என் மாமனார், ஒரே மகனோடு பாகப் பிரிவினை செய்துகொண்டதாகப் பத்திரம் பதிந்துவிட்டார். பத்திரப்படி நாங்கள் அந்த வீட்டை விட்டுப் பிரிந்து போய்விட்டவர்கள். தனிக் குடும்பம் என்றால் தனி அடுப்பு இருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால் அடுப்பு. மற்றபடி நாங்கள் மூன்று வேளையும் அத்தை கையால்தான் சாப்பிட்டோம்.

இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடுப்பைக் கட்டிய கொத்தனாரே விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மூன்று வருஷம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே இஞ்சினியர் என்று மாமா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் ஒரு பழைய மதுவடிசாலையின் நிலவறையில் பீப்பாய் கழுவும் வேலையில் சேர்ந்து, பிறகு பீப்பாய்களைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற அளவுக்கு உயர்ந்தவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் வேதியியல் படித்தவள் என்று கேள்விப்பட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஃபெர்மெண்டேஷன் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்," என்றேன்.

மாப்பிள்ளை பெண்ணின் படிப்பைச் சோதிக்கிறார் என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் சோதித்தது என் படிப்பை அல்ல என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு ஒரே ஏக்கம், ஏல். பீர் என்று சொன்னால் கோபம் வரும். "பீரு கடையில விக்கிறது. ஏலு பீப்பாய்ல வளர்றது," என்பார். பழம் போட்டு, ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்த ஏல் ஒன்றை அங்கே குடித்திருக்கிறார். அதன் ருசியை என்னிடம் விவரிக்கும்போது அவர் முகம் சந்நிதியில் நிற்பவர் முகம் போல ஆகிவிடும். நம் ஊரிலோ, திறந்திருந்த மதுக்கடைகளைச் சர்க்கார் அப்போதுதான் மறுபடி மூடியிருந்தது. விமானம் ஏறும்போது கடை திறந்திருந்தது, இறங்கும்போது மூடியிருந்தது என்று புலம்புவார்.

"நம்மகிட்ட ஒரு அடுப்பு சும்மா கெடக்கு. நீ கெமிஸ்ட்ரி படிச்சிருக்க. ஏன் நாமளே காய்ச்சக்கூடாது?" என்று ஒருநாள் கேட்டார்.

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் படிப்பு முடிந்ததிலிருந்து யாரும் என்னை வேதியியல் சம்பந்தமாக எதுவும் கேட்டதில்லை. சரி என்றேன்.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடை ஒன்றில் பீப்பாயைப் பிடித்தார். என் இடுப்பு உயரம், துருப்பிடித்த இரும்பு வளையங்கள். கடைக்காரர் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இவர் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, ஓக்தான் என்று முடிவு செய்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்ததால் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி இடுக்கு அடைந்துவிடும் என்றார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்த சமயம். பீப்பாயைக் கயிற்றில் கட்டி, வாய்க்கால் கரைப் பூவரச மரத்தில் முடிச்சுப் போட்டு மிதக்கவிட்டோம்.

மறுநாள் காலையில் கயிறு மட்டும் இருந்தது.

பீப்பாய் போய்ச் சேர்ந்த இடம் கீழண்டை மதகு. தண்ணீர் போகும் அதன் கண்வாயில் அளவெடுத்துச் செய்த மாதிரி போய் அடைத்துக்கொண்டுவிட்டது. ஊறி உப்பியதால் அசையவும் இல்லை. அதற்குக் கீழே குத்தகைக்காரர்களும் கூலிக்காரர்களும் வைத்திருந்த துண்டு நிலங்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. வெடிகுண்டு என்றார்கள் சிலர். தண்ணீரை மறிக்க மிராசுதார் சீமையிலிருந்து வரவழைத்த கருவி என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் சங்கத்துத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து அதைப் பிடுங்கினார். பிடுங்கி, சிவப்புக்கொடி முன்னால் போக, ரோட்டில் உருட்டிக்கொண்டே எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். "தண்ணீரை மறிக்கும் பண்ணை ஒழிக!" என்று கோஷம் வேறு.

தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம், கனத்த குரல். மாமாவின் நிலத்தில் உழுதவர். இப்போது மாமாவுக்கு எதிராக மனுப்போடுகிறவர். மாமா திருவாரூர் போயிருந்ததால் நான்தான் வாசலுக்கு வந்தேன்.

"ஏம்மா, இது உங்க வீட்டுதா?"

"ஆமாங்க. தண்ணித் தொட்டிங்க."

"தொட்டின்னா வாய் தொறந்துல்ல இருக்கணும்? இது ரெண்டு பக்கமும் மூடிக் கெடக்கே."

பின்னாலிருந்து என் கணவர், "சீமைத் தொட்டி. அப்பிடித்தான் இருக்கும்," என்றார்.

தலைவர் பீப்பாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கயும் மிராசுதாரு இருக்காங்க போலருக்கு. தண்ணியக்கூட மூடி வெச்சுல்ல குடிக்கிறானுவ," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பீப்பாய் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. என் கணவருக்கு அது போதும்.

அடுத்தது பார்லி. மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்கு விற்கிற வெள்ளைப் பார்லியை வாங்கி முளைகட்டினேன். அது முளைக்கவில்லை, நாறியது. தோலோடு இருக்கும் பார்லியைக் கும்பகோணத்து மொத்த வியாபாரி ஒருவர் வடக்கிலிருந்து தருவித்துக் கொடுத்தார். விதைநெல்லை முளைகட்டுவது போலவே சாக்கில் கட்டி ஊறவைத்து, வைக்கோல் போட்டு மூடினோம். ஜோராக முளைத்தது. மாமா வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "முளைப்பு நல்லாருக்கு. எந்த வயல்ல விடப்போறே?" என்று மகனைக் கேட்டார். முதன்முறையாக மகனுக்கு விவசாயத்தில் புத்தி போகிறது என்று நினைத்துவிட்டார். நாங்கள் அதை வாணலியில் வறுத்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

கசப்புக்கு அங்கே ஏதோ ஒரு கொடியின் பூவைப் போடுவார்களாம். நான் காய்ந்த வேப்பம்பூ போட்டேன். ஈஸ்ட், திருவாரூர் ரொட்டிக்கடையில் கேட்டு வாங்கியது. அத்தையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. நாவற்பழம் சர்க்கரைக்கு நல்லது என்று ஊரறியும். "சர்க்கரை வியாதிக்கு மருந்து காய்ச்சறோம், ஏல்னு பேரு," என்று சொல்லிவைத்தோம். ஏல் என்றால் ஏலக்காய் சம்பந்தப்பட்டது என்று அத்தை எடுத்துக்கொண்டார். நான் அசந்த நேரத்தில் ஒரு கைப்பிடி ஏலக்காயைத் தட்டித் தவலையில் போட்டுவிட்டார். என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் தவலை நுரைத்து அடங்கியதும் பீப்பாயில் ஊற்றினோம். பாதிதான் நிரம்பியது. கரையோரத்து மரத்தடியில் நாவற்பழம் கொட்டிக் கிடந்தது. இரண்டு கூடை பொறுக்கிப் பிசைந்து உள்ளே போட்டு, மேல்துளையைக் கட்டையால் அடித்து மூடினார். பழத்தில் இருக்கும் சர்க்கரை மறுபடி நொதிக்கும், காற்றுப் போக வழி வேண்டும் என்று நான் சொன்னேன்.

"நான் பார்த்தவரைக்கும் மூடித்தான் வெப்பாங்க," என்றார்.

"நீங்க பார்த்தது கடைசியில. நான் சொல்றது நடுவுல."

அவர் கேட்கவில்லை. மேலும் ஒரு அடி அடித்தார்.

மிச்சப் பாதியை நிரப்ப இரண்டாவது தவலை காய்ச்சிய அன்றுதான் அதிகாரி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், ஜீப்பில், காலை பதினொரு மணிக்கு. நிலச் சீர்திருத்த அலுவலகத்துக்காரர். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். எங்கள் பிரிவினை பொய் என்று சங்கம் போட்டிருந்த மனுவை விசாரிக்க வந்திருந்தார். மனுதாரர் என்ற முறையில் சங்கத்துத் தலைவரும் கூடவே வந்தார். மாமா பின்னாலேயே துண்டை முறுக்கிக்கொண்டு வந்தார்.

நான் பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, சாறை அடுப்பில் ஏற்றியிருந்தேன். அறை முழுக்க ஆவி. என் கணவர் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு எரியுதே," என்றார் அதிகாரி. அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"அடுப்பு எரியுது சார். சோறு வேவுதான்னு பாருங்க," என்றார் தலைவர்.

அதிகாரி தவலையை எட்டிப் பார்த்தார். "இது என்னம்மா?"

"கஞ்சிங்க."

"இதைத்தான் சாப்பிடுவீங்களா?"

"கஞ்சியும்..." என்று இழுத்தேன். வடிகட்டிய பார்லிச் சக்கை ஒரு அன்னக்கூடை நிறைய இருந்தது. வழக்கமாக மாட்டுக்குப் போடுவோம். "உப்புமாவும்," என்றேன்.

"அப்ப சாரும் நானும் இங்கயே சாப்புடுறோம். தனிக் குடித்தனம்னா விருந்தாளிக்கு ஒரு வாய் கெடைக்காமப் போயிடுமா?" என்று தலைவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. அவரும் உட்கார்ந்தார்.

அறையில் எண்ணெய் இல்லை, கடுகு இல்லை. கவர்மெண்டு அடுப்புக்கு யாரும் சாமான் வாங்கி வைக்கவில்லை. சக்கையில் உப்பைப் போட்டுக் கிளறி, இருந்த வேப்பம்பூவையும் தூவி, இலையில் வைத்தேன். அதிகாரி ஒரு வாய் போட்டு வெகுநேரம் மென்றார். உமி வாயில் சிக்கியது. தலைவரும் மென்றார். இருவரில் யார் முதலில் நிறுத்துவது என்று போட்டி போல இருந்தது. அந்த நேரம் பார்த்து, தினமும் சக்கை தின்று பழகிய எங்கள் பசு சன்னல் வழியாகத் தலையை நீட்டி, இலையைப் பார்த்துக் கத்தியது.

"அது ஏங்க நம்ம எலையவே பாக்குது?" என்றார் தலைவர்.

நான் பதில் சொல்வதற்குள் பெரிய வீட்டிலிருந்து அத்தையின் குரல் கணீரென்று வந்தது. "ரெண்டு பேரும் சாப்புட வாங்க! வத்தக்குழம்பு ஆறிப்போவுது!"

தலைவர் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா சார்? எழுதிக்குங்க. வத்தக்குழம்புன்னே எழுதிக்குங்க."

மாமா சமாளித்தார். "அவ மாட்டுக்காரன்களக் கூப்புடுறா."

"மாட்டுக்காரனுக்கு வத்தக்குழம்பா? நான் பத்து வருஷம் உங்க மாட்ட மேய்ச்சேன். கூழக்கூட அளந்துதான் ஊத்துனாங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். அந்தப் பேனா தாளைத் தொட்டதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏனென்றால் மூலையில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பீப்பாயின் துளையை அடைத்த கட்டை ஓட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு போயே போய்விட்டது. அதன் பின்னால் நாவற்பழமும் நுரையும் பீறிட்டு எழும்பி, கூரையில் மோதி, எங்கள் எல்லோர் தலையிலும் இறங்கியது. அதிகாரியின் வெள்ளைச் சட்டை கத்தரிப்பூ நிறமானது. அவர் மூக்கு நுனியில் ஒரு பழத்தோல் ஒட்டியிருந்தது. பசு ஓடிவிட்டது.

சத்தம் கேட்டு அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். அவருடைய அண்ணன் ஒருவர் குடித்தே அழிந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வாசனை அவருக்குத் தெரியாதா என்ன?

"இது மருந்தில்ல," என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "சாராயம்! என் வீட்டுல சாராயம் காச்சுறீங்களா? என் கையாலயே ஏலக்கா போட வெச்சீங்களா?"

"ஏல்ம்மா, சாராயமில்ல," என்றார் என் கணவர், பழச்சாறு சொட்டச் சொட்ட.

"ஏலாவது கோலாவது! இனிமே நீயும் உன் பொண்டாட்டியும் என் அடுப்படிப் பக்கம் காலெடுத்து வைக்கப்புடாது! உங்களுக்கு வேற உலை, எங்களுக்கு வேற உலை. இன்னியோட சரி!" கரண்டியைச் சுவரில் அடித்துவிட்டுப் போனார். நடிப்பு அவருக்கு வராது. அது உண்மையான கோபம் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது.

அதிகாரி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார். எழுதியதை வாய்விட்டும் சொன்னார்: "இரு குடும்பத்தாரும் உணவு, உறவு இரண்டிலும் பிரிந்தே வாழ்வது நேரில் கண்டறியப்பட்டது."

தலைவர் துள்ளி எழுந்தார். "சார், மதுவிலக்கு இருக்குற நாட்டுல சாராயம் வெடிக்குது. அதப்பத்தி ஒண்ணும் எழுதலயே?"

"அது வேற டிபார்ட்மெண்டுங்க. நான் அடுப்பைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றார் அதிகாரி. ஜீப்பில் ஏறும்போது உதட்டை நக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாமாவின் நிலம் தப்பியது. எங்கள் சாப்பாடு போனது. அத்தை சொன்ன சொல்லில் நின்றார். அன்றிலிருந்து நாங்கள் நிஜமாகவே அந்த அடுப்பில் சமைத்தோம். வத்தக்குழம்பு வாசனை சுவர் தாண்டி வரும், குழம்பு வராது. எதிரில் பார்த்தால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அது வலித்தது. நான் அவரை ஏமாற்றியிருந்தேன், அவர் கோபம் நியாயம். என் கணவரோ பீப்பாயில் மிஞ்சியதையும் இரண்டாவது தவலையையும் ஒன்றாக்கி, இந்த முறை நான் சொன்னபடி காற்றுக்கு ஒரு ரப்பர் குழாய் விட்டு, தை வரும்வரை காத்திருந்தார்.

தையில் சம்பா அறுப்பு. கூலி உயர்வு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடந்த வருஷம். மாமா ஒரு மரக்கால் நெல்கூட ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு மதியம் தலைவர் பெரிய வீட்டைத் தாண்டி நேராகக் கொல்லைக்கு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"பத்திரப்படி நீங்க தனிப் பண்ணை. சர்க்காரும் அப்பிடித்தான் சொல்லிருச்சு. அதனால உங்ககிட்ட தனியாப் பேச வந்துருக்கோம்."

தன் பேரில் இருக்கும் நிலம் எந்தப் பக்கம் என்பதுகூட என் கணவருக்குச் சரியாகத் தெரியாது. உட்காரச் சொன்னார். பீப்பாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார்.

"கூலி பேசுற எடத்துல கைநனைக்க மாட்டேன்," என்றார் தலைவர்.

"சரி, பேசுங்க. என்ன கேக்குறீங்க?"

தலைவர் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கேட்டது அதிகமில்லை என்பது அடுப்பு மூட்டி உலை வைக்கிறவளுக்குத் தெரியும். "ஒத்துக்கறேன்," என்றார்.

தலைவர் ஏமாந்துபோனார். பேரம் பேச நிறையத் தயாரித்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது. "இவ்வளவுதானா?" என்றார். பிறகு, "பேச்சு முடிஞ்சுதுல்ல. இப்ப குடுங்க," என்று டம்ளரை வாங்கினார்.

ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "நாவப்பழம் தெரியுது. வேப்பம்பூ தெரியுது. ஏலக்காயும் இருக்கு. ஆனா அடியில இன்னொண்ணு இருக்கே... பழைய கதவ நக்குன மாதிரி?"

என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுதாங்க ஓக்! அதுதான் ஓக்!" அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

மறுநாள் எங்கள் வயலில் அறுப்பு ஆரம்பமாகிவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது, ஒரு ஆளும் இறங்கவில்லை. மாமா வயலுக்கே வந்து மகனைப் பார்த்துக் கத்தினார்.

"யாரக் கேட்டுடா கூலிய ஏத்துன?"

தலைவர் அரிவாளை நிறுத்தாமலே சொன்னார். "அவருகிட்ட கேக்க உங்களுக்கு உரிமை கெடயாதுங்க. அவரு வேற குடும்பம். வேணும்னா எல்லாம் பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆபீசருக்கு நானே போயிச் சொல்லிட்டு வந்துடறேன்."

மாமாவால் என்ன செய்ய முடியும்? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதே கூலிக்கு இறங்கினார். மாமாவே இறங்கியதும் ஊரில் மற்றவர்களும் இறங்கினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வருஷம் அடிதடி இல்லாமல் அறுப்பு முடிந்த ஊர் எங்களுடையது என்று சொல்லிக்கொண்டார்கள்.

அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. மாமா நின்றுகொண்டிருந்தார். தன் சொந்தக் கொல்லையில், தான் கட்டிய அறையின் வாசலில், துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"வாங்க மாமா," என்று பலகையைப் போட்டேன்.

உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவில்லை, பீப்பாயைப் பார்த்தார். "அந்தப் பய குடிச்சானாமே. என்னமோ கதவு மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். எனக்கும் கொஞ்சம் ஊத்து."

என் கணவர் ஊற்றிக் கொடுத்தார். மாமா குடித்தார். முகம் கோணியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"கதவு இல்ல," என்றார் கடைசியில். "ஜன்னல் கட்டை."

இன்னொரு டம்ளருக்குக் கையை நீட்டினார்.